மாதாவுக்கு நேர்ந்த கால்

பேய், அருள், கனவில் வந்து சொன்னது என்று யார் பேச்சை எடுத்தாலும் எழுந்து போய்விடுகிற ஆள் நான். புதுச்சேரியில் பிறந்தவன்; பாரிஸில் ஓய்வு பெறும்வரை பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஞாயிறு பூசைக்கு மனைவி செலினைக் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிரே காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பேன். நீங்களும் அப்படிப்பட்டவர் என்றால் இதை நம்ப வேண்டாம். செலினிடம் சொல்லத் தைரியம் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் மேசையில் ஒரு சுட்ட மண் கால் இருந்தது. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். இந்த பிரான்ஸ் நாடு ரோமர் கையில் இருந்த காலத்துப் பொருள்; இளவயதில் பழைய சாமான் சந்தையில் வாங்கினேன். அன்றைய மக்கள் கால் வலித்தால் மண்ணில் ஒரு கால், பார்வை போனால் கண், பிள்ளை வேண்டுமென்றால் துணி சுற்றிய பிள்ளை என்று கொண்டுபோய்த் தெய்வத்தின் முன் வைப்பார்கள். வேளாங்கண்ணியில் நம் ஆட்கள் வெள்ளியில் வாங்கிப் போடுவது போலத்தான். வகுப்பில் அதைக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். மற்ற நேரத்தில் விடைத்தாள்கள் பறக்காமலிருக்க மேலே வைப்பேன்.

போன குளிர்காலத்தில் சர்க்கரை நோயால் செலினின் வலது காலில் புண் வந்து விரல்கள் கறுத்தன. காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். வேளாங்கண்ணிக்கு அனுப்ப ஒரு வெள்ளிக் கால் வேண்டுமென்று, என்னையும் இழுத்துக்கொண்டு லா ஷப்பேல் தெருவின் தமிழ்க் கடைகளில் நொண்டி நொண்டி ஏறி இறங்கினாள்.

"வெள்ளியிலை கொலுசு இருக்கு அக்கா," என்றார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர். "காலை நீங்கள்தான் கொண்டு வரவேணும்."

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் சொன்னாள்: "உங்க மேச மேல ஒரு கால் சும்மாதானே கெடக்குது. அத மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். நீங்க போய் வச்சிட்டு வந்துடுங்க."

"அது எவளோ எந்தச் சாமிக்கோ எப்பவோ குடுத்தது, செலின்."

"இருக்கட்டும். மாதா கோச்சிக்க மாட்டா."

போனேன். மாதா சிலைக்கு முன்னால் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. இங்கே வைத்தால் கோயில் ஊழியர் குப்பையில் போட்டுவிடுவார், இத்தனை பழைய பொருள் வீணாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கொடுக்க மனம் வரவில்லை. கோட்டுப் பையிலேயே திரும்பக் கொண்டுவந்து, கட்டடத்தின் அடியில் எங்கள் சாமான் அறையில், ஒரு பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்தேன். "வச்சிட்டேன்" என்றேன். அவள் என் கையை எடுத்து முத்தமிட்டாள்.

கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, இல்லாத கால் வலிக்கிறது என்றாள். போன உறுப்பு இருப்பதாகவே மூளை நினைக்கும், இது பலருக்கும் வருவது என்று நான்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

ஒரு மத்தியானம் அரிசி மூட்டை எடுக்கக் கீழே போனவன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மண் காலின் அடியில் தூசி. கட்டைவிரலால் துடைத்து வைத்துவிட்டு மேலே வந்தால், செலின் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, இப்ப யாரோ என் உள்ளங்கால கட்டவெரலால தொடச்சாங்க. இன்னும் கூசுது."

தற்செயல் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாத்தியார் புத்தி, சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. மறுநாள் கீழே போய், அந்த அறைச் சாவியின் முனையை மண் காலின் அடியில் வைத்து அழுத்தினேன். இது பொய் என்றால் ஒன்றும் ஆகாது, உண்மை என்றால் யாருக்கு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பலமாகவே அழுத்தினேன்.

மேலே வந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு வசந்தி செலினைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"எங்கை ஐயா போனனீங்கள்? அக்கா கத்தின கத்திலை நான் அடுப்பையும் நிப்பாட்டாமல் ஓடி வாறன்!"

செலினுக்கு முகமெல்லாம் வியர்வை. "ஆணி ஏறுன மாதிரி இருந்திச்சி," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொன்னு சொன்னா சிரிப்பீங்க. அந்தக் கால்ல பெருவெரல் வெளிப்பக்கமா இருக்குது. எனக்குப் போனது வலது கால்தானே?"

நான் சிரிக்கவில்லை. கீழே ஓடி, விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அது இடது கால். அத்தனை வருஷம் கண்ணெதிரே மேசையில் வைத்திருந்தும் அது எந்தக் கால் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே கொண்டுபோய் மாதாவின் காலடியில், மெழுகுவர்த்திகளுக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தபோது அங்கே இல்லை. கோயில் ஊழியரைக் கேட்டேன். அப்படி ஒன்றைப் பார்க்கவே இல்லை என்றார்.

அதன் பிறகு செலினுக்கு வலி வரவில்லை. அதோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். ஆனால் சில காலைகளில் அவள் சொல்கிறாள்: "இன்னிக்கி கால் ஈர மண்ல நிக்குதுங்க. பக்கத்துல தண்ணி ஓடுது." இப்படிப்பட்ட கால்களை ஊற்றுக்கண் ஓரங்களில் இருந்த கோயில்களில்தான் நிறையத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வீட்டில் நான் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் என் புத்தகங்களைத் தொட்டவளும் இல்லை.

போன வாரம் வேறொன்று சொன்னாள். "பக்கத்துல நெறைய காலு இருக்குது. ஒட்டி ஒட்டி நிக்குது. ஒன்னும் நகரல." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மாதாகிட்டதானே வச்சீங்க?"

"ஆமா," என்றேன். இப்போது அது உண்மைதான்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே?"

குரலில் கோபம் இல்லை. நான் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன். அவள் குனிந்து, "குளிருது," என்று சொல்லி, கால் இல்லாத இடத்தில் போர்வையை இழுத்து மூடினாள்.