டோல்கேட் கடைக்கும் டோல்கேட் கடைக்கும் நடுவில் புழல்

மிஷின் ரூம் ஏசியில் நெத்திலிக் கருவாட்டு வாசனை ஏறிவிட்டால்... சாயங்காலம் வரை இறங்காது.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூர் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனி. அங்கே கணக்குப் போடும் மிஷினுக்காகக் கார்டில் ஓட்டை போடும் பஞ்ச் ஆபரேட்டர் வேலை எனக்கு. மொத்தக் கம்பெனியிலும் ஏசி இருந்தது எங்கள் அறைக்கு மட்டும்தான். மனுஷனுக்காக இல்லை, மிஷினுக்காக!

எங்கள் இன்சார்ஜ் ரங்கநாதன் சார் சுத்த சைவம். ஒருநாள் மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"ஸ்டெல்லா, நீ எங்க வேணா போய் சாப்பிடும்மா. இங்க மட்டும் அந்த டப்பாவைத் திறக்காதே."

ராயபுரத்துப் பெண்ணிடம் கருவாட்டை விடு என்றால் நடக்கிற காரியமா? டப்பாவோடு டெஸ்பாட்ச் ஷெட்டுக்குப் போனேன். அங்கே அடிக்கிற டர்பன்டைன் நெடியில் என் கருவாடெல்லாம் எந்த மூலைக்கு...

அந்த ஷெட்டுக்கு துலுக்காணம் அண்ணன்தான் ராஜா. எந்த லாரி எங்கே போகணும் என்று முடிவு செய்கிற கிளார்க். எங்கள் மிஷின் ரூமுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவருக்காகத்தான் தினம் ஒரு லிஸ்ட் அடித்து அனுப்புவோம், எந்தக் கடைக்கு எத்தனை டின் என்று. அவரோ, 'பிரயோஜனமே இல்லை' என்று மேனேஜரிடம் புகார் மேல் புகார்.

மிஷின்கள் எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. மாசக் கடைசிக்குள் டெஸ்பாட்ச் சரி என்று சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மிஷின் போனால் பஞ்ச் பண்ணும் பெண்கள் நாங்களும் போக வேண்டியதுதான், எல்லாரும் டெம்பரரி. ஹார்பரில் அடிபட்டு அப்பா வீட்டோடு இருந்த நேரம். என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணன் ஒரு பேப்பரை நீட்டினார். "கீழ போட்டு துன்னு பாப்பா, தர கலீஜா கீது."

பார்த்தால்... நான் பஞ்ச் பண்ணி, நாங்கள் அடித்து அனுப்பிய லிஸ்ட்!

"ஏண்ணே, இதைப் படிக்கவே மாட்டீங்களா?"

"இத்த வெச்சிகினு இன்னா பண்றது? டோல்கேட் கடை ஒண்ணு லிஸ்ட்ல மேல கீது, இன்னொண்ணு கீழ கீது. நடுவுல எங்கியோ கீற புழல் வந்து குந்திகினு கீது. லாரி இன்னா பறந்தா போவும்? அல்லாத்தையும் நான் கையால வேற எய்தணும். பேஜாரு!"

"இதை எங்க சார்கிட்ட சொன்னீங்களா?"

"அந்தாளு வந்து கேட்டாரா?"

ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். லிஸ்ட் மேல் சாப்பாடு என்றதும் முதலில் எகிறினார். "கடை நம்பர் வரிசையா எவ்வளவு அழகா அடிச்சுத் தரேன்! வேற மாதிரி வேணும்னா வந்து கேக்க வேண்டியதுதானே?"

இவரும் அதையேதான் சொன்னார்! சிரிப்பதா அழுவதா...

"நீங்களே வந்து கேளுங்க சார். இல்லன்னா எங்க பொழப்பு போயிடும்," என்றேன்.

சார் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு, முதல்முறையாக ஷெட்டுக்கு நடந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கத்தினார்கள். அப்புறம் ஒரே டின்மேல் தாளை விரித்துக் குனிந்து பார்த்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: ஏரியா நம்பர் ஏற்கெனவே எங்கள் கார்டில் இருந்தது. கடை நம்பருக்குப் பதில் அதை வைத்துக் கார்டுகளைப் பிரித்தால் போதும்.

மறுநாள் லிஸ்டில் டோல்கேட் கடைகள் எல்லாம் ஒரே இடத்தில். அண்ணன் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே லாரி ஏற்றினார்.

மாசக் கடைசியில் மேனேஜர் ஷெட்டுக்கே வந்து கேட்டார். அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மிஷினு இருக்கட்டும் சார். அந்தப் பொண்ணுங்கள முதல்ல பெர்மனன்ட் பண்ணு."

பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

இப்போது என் மகளும் ஐ.டி.யில்தான். அவள் வேலைக்கு ஏசி ரூம் கூட வேண்டாம், வீட்டு ஹாலே போதும். போன வாரம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் புலம்பினாள். "எங்க சாஃப்ட்வேரை யூஸ் பண்ற பிசினஸ் டீமுக்கு நாங்க பண்றது எதுவுமே பிடிக்கலம்மா. பிராஜெக்டையே நிறுத்திடுவாங்க போல."

"அவங்க எல்லாம் எப்படிப்பட்ட ஆளுங்கடி?"

கொஞ்சம் யோசித்தாள். "தெரியலம்மா... மூணு வருஷமாச்சு, ஒருத்தர் முகத்தைக்கூட பார்த்ததில்ல."