சொந்த ஊரில் காணாமல் போனேன்

என் மகன் என்னைச் சிங்கப்பூர் சுற்றிக்காட்ட அழைத்துப் போனான். அங்கே ரயில், கடை என்று எங்கே போனாலும் என் கையை விடவில்லை. எனக்கு ஒரே எரிச்சல். திரும்பும்போதாவது நிம்மதியாக வரலாம் என்றால், பௌர்ணமியன்று ஊர் வந்து சேரும்படி டிக்கெட் போட்டிருக்கிறான்! திருவண்ணாமலையில் பிறந்தவன் செய்கிற வேலையா இது?

ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே போலீசார் காரை நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தோம். அங்கேயும் கையைப் பிடித்தான்.

"உடுடா. நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊரு. எனக்கு வழி தெரியாதா?" என்று உதறினேன்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் ஆளைக் காணோம். என் போனில் இருந்த சிங்கப்பூர் சிம் இங்கே வேலை செய்யவில்லை. சந்து சந்தாக நுழைந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சாவி அவனிடம். பூட்டிய வாசலில் முட்டி வலியோடு உட்கார்ந்தேன்.

அப்போது போலீசாரின் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, "பச்சைப் புடவை கட்டிய வயதான அம்மாவைக் காணவில்லை" என்றார்கள். தெருவே கேட்டது.

எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "இன்னா பெரிம்மா, ஊரே உங்களைத் தேடுது, நீங்க இங்க குந்திக்கினு இருக்கீங்க?" என்று சிரித்துவிட்டு, மகனுக்குப் போன் போட்டாள்.

வந்தவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கூட்டத்துல உழுந்துட்டியோனு உசுரே போச்சும்மா."

"சிங்கப்பூர்ல தொலையாதவ இங்க தொலைவேனாடா? மானத்தை வாங்கிட்டியே!"

இப்போது அவன் டிக்கெட் போடுமுன் காலண்டரில் பௌர்ணமி வட்டத்தை நானே பார்த்துச் சொல்கிறேன். சாவி என் முந்தானையில்தான். கூட்டத்தில் அவன் கையைப் பிடித்தால் உதறுவதில்லை. மைக்கில் இன்னொரு முறை என் பெயரைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.