கேட்கிற வரிசை, கொடுக்கிற வரிசை

காலை மணி ஏழு நாற்பது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டி நிற்கும் இடத்துக்கு நான் போனபோது முதலில் கண்ணில் பட்டது, மாஸ்டரின் துணிப்பையிலிருந்து எட்டிப்பார்த்த எவர்சில்வர் தட்டுகள். எனக்கு அப்போது பத்து வயது. தட்டு என்றால் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ஞாயிறுதோறும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தார். கரும்பலகையில் மூன்று பெட்டிகள் போடுவார். முதல் பெட்டியில் வேலை, நடுப் பெட்டியில் ஆள், கடைசிப் பெட்டியில் பொருள். கிவ் மீ வாட்டர். டெல் மீ யுவர் நேம். பிரிங் ஹிம் எ சேர். நம்முடைய மொழியில் தண்ணீரை முன்னால் சொன்னாலும் பின்னால் சொன்னாலும் தண்ணீர் வந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படியில்லை, வேலையைச் சொன்னதும் பக்கத்திலேயே ஆளை உட்கார வைக்க வேண்டும், பொருள் பிறகுதான் வரும் என்பார். பாடம் நல்ல பாடம்தான். அதில் எனக்கு இன்றும் குறை இல்லை.

குறை, அவர் பயிற்சி கொடுத்த விதத்தில் இருந்தது. வகுப்பில் இரண்டு வரிசை. சுவர் ஓரம், மின்விசிறிக்குக் கீழே இருந்தது கேட்கிற வரிசை. ஜன்னல் ஓரம், வெயில் விழும் இடத்தில் கொடுக்கிற வரிசை. அந்தப் பக்கம் "கிவ் மீ த புக்" என்று கத்தும். இந்தப் பக்கம் "ஐ வில் கிவ் யூ த புக்" என்று பதில் கத்தும். காலனியிலிருந்து நாங்கள் ஐந்து பிள்ளைகள் முதல் நாள் படியேறிப் போனபோது, மாஸ்டர் பெயரைக்கூடக் கேட்காமல் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். போய் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு வரிசை மாறவே இல்லை. ஒருமுறை அம்மா வந்து கேட்டபோது, "உங்க பிள்ளைங்களுக்குக் குரல் நல்லா இருக்கும்மா. பதில் சொல்ற குரல்" என்றார். அம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னாள்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நடுப் பெட்டியில் 'மீ' என்று வைத்துப் பேச அந்த வகுப்பில் எங்களுக்கு ஒருநாளும் வாய்ப்பு வரவில்லை. எங்கள் பெட்டியில் எப்போதும் 'யூ' உட்கார்ந்திருந்தது. ஐந்து பிள்ளைகளின் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அதற்குக் குரல்வளம் என்று பெயர் வைத்தவரை ஊரே தங்கமான மனிதர் என்றது.

அப்பா மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் அறைப் பணியாளராக இருந்தார். படுக்கை விரிப்பது, துண்டு மாற்றுவது, கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. சந்தன நிறச் சீருடையில் அவர் பெயரை எழுதிய சிறு தகடு நெஞ்சில் குத்தியிருக்கும். விருந்தினர்கள் அதைப் படித்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்களுடைய பெயரை அவர் கேட்கக் கூடாது. விடுதியின் விதி அது. அறை எண்தான் அவர்களுக்குப் பெயர்.

மாஸ்டர் எங்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போய் வெளிநாட்டுக்காரர்களோடு பேச வைத்து, வகுப்புக்கு விளம்பர வீடியோ எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு என்னைவிட ஆசை வந்துவிட்டது.

"யாரையாச்சும் ஒருத்தர புடிச்சி பேரு இன்னான்னு கேளு பாப்பா. கேட்டு எனக்கு வந்து சொல்லு."

"நீதான் டெய்லி பாக்கறியே, நீயே கேளேன்."

"நான் கேட்டா வேலைய வுட்டு அனுப்பிடுவான்."

அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதும் பள்ளிக்கு நடக்கும்போதும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன். டெல் மீ யுவர் நேம். கேட்கிற வரிசையின் வாக்கியங்கள் எல்லாம் எனக்குக் கேட்டே மனப்பாடம். வாய்விட்டுச் சொல்லத்தான் இடம் கிடைத்ததில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே மர நிழலில் எங்களை நிறுத்தினார்கள். மாஸ்டர் பையைத் திறந்து தட்டுகளை எடுத்தார். கீழே இருந்த கடையில் இரவல் வாங்கியவை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஆளுக்கொன்றாக எங்கள் ஐந்து பேர் கையில் கொடுத்தார். இளநீரை வெட்டிக் குழல் போட்டு அதில் வைத்தார்கள். கேட்கிற வரிசை போய்ப் பெயரும் ஊரும் கேட்கும். கொடுக்கிற வரிசை பின்னாலேயே போய் "ஐ வில் கிவ் யூ எ கோக்கனட்" என்று சொல்லி நீட்டும். இதுதான் ஏற்பாடு. மாஸ்டருடைய மைத்துனர் கைப்பேசியில் படமெடுத்தார்.

லாரி செட் வைத்திருந்தவரின் மகன் எங்கள் வகுப்பில் கேட்கிற வரிசையில் இருந்தான். அவன் என் தட்டைப் பார்த்து, "ஏய் சர்வரு, கிவ் மீ எ பரோட்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இலக்கணம் சரியாக இருந்ததால் மாஸ்டரும் சிரித்தார்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டு அம்மா நின்றார். லாரி செட் பையனை முன்னால் தள்ளினார்கள். அவன் "டெல்" என்றான். பிறகு "டெல் யூ" என்றான். பிறகு மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். அந்த அம்மா பொறுமையாகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தார். மாஸ்டர் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். பையன் வாயைத் திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. எனக்கு நாக்கு நுனியில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். தேநீர் இடைவேளையில் யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு, சீருடையோடு.

"கேட்டியா பாப்பா?"

"எனக்குத் தட்டுப்பா."

அப்பா தட்டைப் பார்த்தார். மாஸ்டரிடம் போனார்.

"சார், ஒரு வாட்டி இது கேக்கட்டும் சார். வூட்ல எந்நேரமும் அதையே சொல்லிகினு கீது."

மாஸ்டருக்கும் அப்பாவுக்கும் ஒரே வயது இருக்கும். "ஏம்பா, எல்லாரும் கேள்வி கேட்டா எடுத்துக் குடுக்கறது யாரு?" என்றார் மாஸ்டர்.

மைத்துனர் சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"நான் குடுக்கறன் சார். எனக்கு இன்னா, டெய்லி அதான வேல."

என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தார். விடுதியில் பழக்கியபடி இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, தட்டை அந்த அம்மாவின் நெஞ்சுயரத்துக்கு நீட்டி, "ஐ பிரிங் யூ கோக்கனட் மேடம்" என்றார். அந்த அம்மா அவர் நெஞ்சிலிருந்த தகட்டைப் படித்து, பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். அப்பா ஒரு எட்டு பின்னால் போய், என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

"டெல் மீ யுவர் நேம்" என்றேன்.

அந்த அம்மா குனிந்து, என் முகத்துக்கு நேராக, "இங்க்ரிட்" என்றார். பிறகு என் பெயரைக் கேட்டார். அதற்குள் "போதும், போதும், அடுத்த ஆள்" என்று மாஸ்டர் கைதட்டிவிட்டார். அப்பா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம், அதுவும் அப்பாவின் மேல். தட்டு நான் பிடித்திருந்தால் அது வகுப்பு, மாஸ்டர் சொன்ன வேலை. அப்பா வந்து அதைப் பிடித்ததும் அது எங்கள் வீடு ஆகிவிட்டது. பேருந்தில் திரும்பும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் பின் இருக்கையிலிருந்து "ஐ பிரிங் யூ மேடம்" என்ற குரல் வந்துகொண்டே இருந்தது. கேட்கத் தெரியாமல் வாயடைத்து நின்ற அதே பையன்தான். மாஸ்டர் முன் இருக்கையில் தூங்கினார், அல்லது கண்ணை மூடியிருந்தார்.

மாலையில் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"இன்னா பேரு சொன்னாங்க பாப்பா?"

"நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த. உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. நீ சொல்லு."

நான் சொல்லவில்லை. அவர் ஏன் அந்தத் தட்டை வாங்கினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. காதில் விழுந்த பெயரை அவர் ஏன் மறுபடியும் என்னிடம் கேட்கிறார் என்பதும் விளங்கவில்லை. அம்மாதான், "சொல்லேண்டி, வாய் இன்னா தேஞ்சா பூடும்" என்றாள். நான் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

சில வாரங்களில் விளம்பர வீடியோ எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது. அதில் என் குரல் இருந்தது. அதை அம்மாவின் கைப்பேசியில் காலனி முழுக்கக் கொண்டுபோய், என் குரல், என் குரல் என்று காட்டினேன். கோபமெல்லாம் அன்றோடு மறந்துபோயிற்று. அப்பாவும் பார்த்தார். முடிந்ததும் முதலிலிருந்து ஓடவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. லாரி செட் பையன் வாயைத் திறக்கிறான். "டெல் மீ யுவர் நேம்" என்று என் குரல் கேட்கிறது. அந்த அம்மா குனிந்து, அவனைப் பார்க்காமல், படத்துக்கு வெளியே, நான் நின்றிருந்த இடப்பக்கமாகப் பார்த்துப் பெயரைச் சொல்கிறார்.