பின்வண்டிக்கு ஒரு பிரேக்

மாடசாமிக்கு இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். இலங்கை மலைநாட்டில் பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மாட்டு வண்டிச் சக்கரங்களுக்குப் பட்டை அடித்துக்கொண்டிருந்தவன், மோட்டார் லொறி வந்ததும் அதற்கும் கை வைத்தான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பிரித்தான், பூட்டினான், மிஞ்சிக் கிடந்த திருகாணிகளைப் பார்த்துவிட்டு மறுபடி பிரித்தான். அப்படி வந்த வித்தை. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடை முதலாளி கதிர்காமநாதனிடம் தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போகும் சின்ன லொறி ஒன்று இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில், பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று தேயிலை உருட்டும் இயந்திரத்தைப் பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து கொண்டுவரச் சொன்னது. அந்தப் பாரத்தை லொறிமேல் ஏற்றினால் லொறி படுத்துவிடும். நாலு சக்கரப் பின்வண்டி ஒன்றில் ஏற்றி இழுக்க வேண்டும்.

"இது இழுக்குமா மாடசாமி?" என்றார் முதலாளி.

"இழுக்க வச்சுக் காட்டுறேனுங்க."

காட்டவும் செய்தான். பாரம் தாங்கும் பின்பக்க வில்களில் இரண்டிரண்டு தகடு கூட்டினான். அடிச்சட்டம் வளையாதிருக்க இரு பக்கமும் இரும்புப் பட்டை பொருத்தினான். வேகம் குறைந்தாலும் இழுவை கூடட்டும் என்று பின் அச்சின் பல்சக்கரத்தை மாற்றினான். கடைசியில் மாட்டுக்கொம்பு பருமனில் ஒரு கொக்கி அடித்து லொறியின் பின்னால் வைத்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்கள். இத்தனை பாரம் பின்னுக்கு இழுத்தால் எது நிறுத்தும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு ஆள் இருந்தது. ஏற்றத்தில் வண்டி நின்றால், பின்னால் நடந்து வருபவன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவான். கயிறுகளைப் பார்த்துவிட்டு அவன் "சரி" என்று குரல் கொடுத்தால் முன்னால் இருப்பவன் ஓட்டுவான். மாட்டு வண்டிக் காலத்து வழக்கம். லொறிக்கும் அதுவே போதும் என்று மாடசாமி நினைத்தான். முட்டுக்கட்டையைத் தன் தங்கை வேலாயியின் புருஷன் இராமையாவிடம் கொடுத்துவிட்டு, ஓட்டத் தானே உட்கார்ந்தான்.

பதுளை தாண்டிப் பசறை ரோட்டில் ஏறும்போது ஒரு வளைவில் லொறிக்குத் தண்ணீர் கொதித்தது. நிறுத்தினார்கள். இராமையா கட்டை போட்டான். தண்ணீர் ஊற்றி, இன்ஜினை முடுக்கிவிட்டு மாடசாமி கத்திக் கேட்டான்: "மச்சான், போவலாமா?"

"சரி" என்று கேட்டது. அவன் பிரேக்கை விட்டான். அதற்குள் மிச்சமும் வந்து சேர்ந்தது: "யுது!"

சரியுது. மழையில் ஊறிய கயிறு நழுவி இயந்திரம் சரிகிறது என்று இராமையா தோளைக் கொடுத்துக்கொண்டு கத்தியிருக்கிறான். லொறி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவுதான். நாலு பேர் ஓடி வந்து மேலே விழுந்து கிடந்த இயந்திரத்தைப் புரட்டியபோது இராமையாவிடம் மூச்சு இல்லை.

என்ன நடந்தது என்று அவர்கள் கேட்டார்கள். மாடசாமியின் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை இதுதான்: "அவந்தான் சரின்னு சொன்னான்."

பயத்தில் வந்த வார்த்தை. ஆனால் விசாரணைக்கு வந்தவரிடமும் அதையே சொன்னான். பிறகு ஊரே சொன்னது. பாராமல் சரி சொல்லிச் செத்தவன் என்று இராமையாவுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த வளைவில் பட்டப்பகலிலேயே "சரி, சரி" என்று குரல் கேட்கிறது, நம்பி ஓட்டினால் பள்ளம்தான் என்று வண்டிக்காரர்கள் எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டார்கள். நம் சனங்கள் செத்தவனையும் சும்மா விடுவதில்லை.

மாடசாமிக்கு அந்தக் குரல் வளைவில் கேட்கவில்லை. கொட்டகையில் கேட்டது. துருத்தி ஊதினால் கேட்டது, அரம் போட்டால் கேட்டது. எப்போதும் முதல் பாதி மட்டும். மறுபாதிக்காகக் கையை நிறுத்திக் காத்து நிற்பான், அது வராது. அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. வேலாயியைத் தன் வீட்டோடு அழைத்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் போடும் சோற்றைத் தலை நிமிராமல் தின்பான். சொல்லிவிட்டால் இருக்கும் ஒரே உறவும் போய்விடும் என்று ஒரு வருஷம் விழுங்கிக்கொண்டிருந்தான்.

அதே தோட்டம் இன்னொரு இயந்திரம் கேட்டது. இந்த முறை மாடசாமி கொக்கியைத் தொடவில்லை. பின்வண்டியின் நாலு சக்கரத்துக்கும் மரக்கட்டை வைத்து, அவை ஒன்றாக இறுகும்படி கம்பி கோத்து, ஓட்டுபவன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்புகோல் பொருத்தினான். எந்த மனிதனும் வண்டிக்குப் பின்னால் நிற்கத் தேவையில்லை.

ஒரு நாள் மத்தியானம் முதலாளி வந்து பார்த்தார். வேலாயி சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றாள்.

"எதுக்கு இவ்வளவு வேலை? கவனமான ஒரு ஆளைப் பின்னால போட்டாப் போதும். இராமையா மாதிரி ஆளாப் பாத்துறாத," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாடசாமியின் கையிலிருந்த சுத்தியல் தானாகக் கீழே வந்தது.

"வேலாயி, மச்சான் சரின்னு சொல்லல. 'சரியுது'ன்னான். நாந்தான் பாதியக் கேட்டு ஓட்டிட்டேன். பழிய அவன் மேல போட்டேன்."

அவள் அழவில்லை. தூக்கைப் பலகைமேல் வைத்தாள்.

"தெரியும்ணே."

"எப்புடி?"

"அவரு வாயில சரிங்கிற வார்த்த என்னைக்கு வந்துச்சு? எதுக்குமே 'ஆவட்டும்'பாரு. தாலி கட்டும்போது அய்யரு கேட்டதுக்கும் 'ஆவட்டும்'னுதான் சொன்னாரு, பந்தலே சிரிச்சுச்சு. நீங்களுந்தான் சிரிச்சீங்க." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஒங்களுக்கு அது ஞாபகம் இல்லையாண்ணே?"

ஞாபகம் இருந்தது. அந்த வளைவிலேயே இருந்தது. இராமையா வாயிலிருந்து வராத வார்த்தை வருகிறதே என்று மனசில் ஒரு கணம் பட்டதும், ஏற்றம் ஏறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டதும் அவனுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"ஒரு வருஷமாச் சோறு போட்டுட்டு ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் வேலாயி. "மொதலாளி இன்னும் கடைவீதியத் தாண்டிருக்க மாட்டாரு. நாலு பேரு காதுல விழுற மாதிரி சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் சாப்புடலாம்."

அவன் கரிக் கையைக்கூடத் துடைக்காமல் வெளியே இறங்கினான்.