பதினாறு சுமைகள்

என் அப்பா துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கிரேன் ஓட்டினார். ஒரு சுமையைக்கூடக் கீழே விட்டதில்லை. போன மாதம் இறந்தார்.

ஏணியில் நூற்றுப்பன்னிரண்டு படி ஏறினால் அவருடைய கூண்டு. தரையில் கண்ணாடி. காலுக்குக் கீழே கப்பலின் சரக்கறை, அதில் விரலளவுக்கு நான்கைந்து ஆட்கள். அப்போது வாக்கிடாக்கி கிடையாது. கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் சைகைக்காரரின் கைகளைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். பழைய நாள்களில் கொடி பிடித்தவர் என்பதால் அவருக்குக் கொடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. எனக்குக் கொடி சித்தப்பா.

சுமை தொங்கும்போது வேறு எதையும் நினைக்கக் கூடாது. அப்பாவுக்கு இருந்த ஒரே சட்டம் அது. "கொக்கியில தொங்குறது மட்டும்தான் உலகம். பசி, பீடி, பொண்டாட்டி எல்லாம் ஏணிக்குக் கீழே" என்பார். அப்படியே இருக்கவும் செய்தார். அந்தக் கவனம் எட்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டுக்கு வருபவர் காலி ஆள். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிடுவார். நான் எந்த வகுப்பு என்று ஒரே வாரத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

"மனுஷன் கூண்டுலயே இருக்காரு. சட்டையை மட்டும் வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்காங்க" என்பாள் அம்மா. சட்டையைத் துவைக்கும்போது இன்னும் சத்தமாகச் சொல்வாள். அவர் காதில் விழாது.

எனக்குப் பத்து வயதில், ஒரு வேலை நாளில், அம்மா சமையலறையில் விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. மருத்துவமனையிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா துறைமுக அலுவலகத்துக்கு போன் செய்தபோது மணி பதினொன்று இருபது. அம்மாவுக்கு அப்போது நினைவு இருந்தது. "அப்பா கிளம்பிட்டாரா?" என்று என்னை மூன்று முறை கேட்டாள். ஒன்றேகாலுக்கு இறந்தாள். அப்பா வந்தது இரண்டரைக்கு.

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூண்டில் இருப்பவருக்குக் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். கை நடுங்கினால் சரக்கறையில் இருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள். மாற்று ஆள் ஏறி, அவர் இறங்கிய பிறகே சொல்வார்கள். அன்று மாற்று ஆள் வந்தது இரண்டு மணிக்கு. அதுவரை கொடி சித்தப்பா செய்தியை வைத்துக்கொண்டு சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச பாவி நான்தான்" என்று அன்று என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அதை நம்பித்தான் வளர்ந்தேன். பல ஆண்டுகள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஞாயிறுதோறும் வந்து அப்பாவோடு டீ குடித்துவிட்டுப் போவார்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். அப்பாவின் நுரையீரல் இறுகத் தொடங்கியபின், அவர் விரலில் மாட்டிய கருவி காட்டும் ஆக்ஸிஜன் எண்ணைப் பார்ப்பதே என் வேலையாயிற்று. எண்பத்தெட்டு. எண்பத்தாறு. மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி தரும் பெண் தினமும் காலையில் வருவார்.

"நேத்து நடந்தது, நாளைக்கு நடக்கப்போறது எதுவும் வேண்டாம் ஐயா. இந்த மூச்சு மட்டும். இந்த நொடியில இருங்க."

அப்பா முகமூடியைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். "அங்கதாம்மா நான் குடியிருந்தேன். அதுலேர்ந்து வெளிய வர்றதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா?"

அந்தப் பெண்ணும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் அடுத்த படுக்கைக்குப் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியும், கண்ணு."

"என்னப்பா?"

"அன்னைக்கு. கொடி சும்மா நிக்க மாட்டான். ஒரு சுமை இறங்கி அடுத்தது ஏறுறதுக்குள்ள இடுப்பை ஆட்டுவான், மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவான். ஆபீஸ்லேர்ந்து ஒருத்தன் ஹெல்மெட்கூடப் போடாம ஓடி வந்து அவன்கிட்ட ஏதோ சொன்னான். அதுக்கப்புறம் கொடி ஆடவே இல்ல. புத்தகத்துல போட்ட மாதிரி சைகை. என் முகத்தைப் பார்க்கவே இல்ல. நம்ம வீட்டுலதான் ஏதோ ஆயிடுச்சுன்னு அப்பவே புரிஞ்சுது."

"இறங்கியிருக்கலாமே."

"இறங்கியிருக்கலாம். கூண்டுல இருக்கிற மணியை அடிச்சா வேலையை நிறுத்திடுவாங்க." மூச்சு வாங்கியது. எண்பத்து மூன்று. "இறங்கினா அது நிஜமாயிடும். மேல இருக்கிற வரைக்கும் குழாய்க்கட்டு மட்டும்தான். ஒரு கட்டு. அப்புறம் இன்னொரு கட்டு. பதினாறு சுமை. ஒவ்வொண்ணும் எப்படி ஆடிச்சுன்னு இப்பவும் சொல்லுவேன். அன்னைக்குக் காலையில நான் கிளம்புறப்ப உங்கம்மா என்ன சொன்னா? அது தெரியாது."

"அம்மா உங்களை மூணு தடவை கேட்டாங்கப்பா" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகமூடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். நான்கு நாள் கழித்து இறந்தார். அந்த நான்கு நாளும் நாங்கள் பேசியது தண்ணீர், தலையணை பற்றித்தான்.

இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகும் கொடி சித்தப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த மனிதர் தன்மேல் இல்லாத பழியைச் சுமந்திருக்கிறார். இறக்கிவைப்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அப்பாவுக்கு அன்றே தெரியும் என்று சொன்னேன்.

"சும்மா இரும்மா" என்றார். "தெரிஞ்சவன் கை அப்படி இருக்காது. அன்னைக்குக் கடைசிக் குழாய்க்கட்டை அண்ணன் இறக்கி வெச்சாரு பாரு, தூசி எழும்பல."

இடுப்பாட்டம் நின்றுபோனதை, ஹெல்மெட் போடாமல் ஓடி வந்த ஆளை, அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காததைச் சொன்னேன். ஹெல்மெட் என்றதும் அவர் முகம் மாறியது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது.

"அப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம்?" என்றார். "நான் குத்தவாளி மாதிரி உக்காந்திருப்பேன். 'விடு கொடி, உன் மேல தப்பில்ல'ன்னு முதுகுல தட்டுவாரு. எவ்வளவு பெரிய மனசுன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இதை எதுக்கும்மா எங்கிட்ட சொன்ன?"

"உங்களுக்கு நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன், சித்தப்பா."

"நேத்து சொல்லியிருந்தா நேரா போய்க் கேட்டிருப்பேன். ஏண்ணே இப்படிப் பண்ணீங்கன்னு ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். இனிமே யாரைப் போய்க் கேக்குறது?"

எழுந்து கேட்டைத் திறந்துகொண்டு போனார். அதன்பின் நான்கு ஞாயிறு போய்விட்டது. நேற்று போன் செய்தேன். எடுத்தார். நல்லா இருக்கேம்மா என்றார். வைத்துவிட்டார்.