துருவுக்கு மாத்திரை

சீழ், சளி, மலம் என்று எதைப் பார்த்தும் கெங்கம்மா முகம் சுளித்ததில்லை. அறுபத்து மூன்று வயதில், இருபத்தோராவது வருடமாக ஊரார் வீட்டு நோயாளிகளைக் கழுவித் துடைக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கே ஒரு கண்ணாடி டம்ளரைப் பார்த்துக் குமட்டியது.

கொருக்குப்பேட்டையிலிருந்து அவள் தினமும் வருவது ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு. அவர் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கப்பல்களின் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயிண்ட் அடித்தவர். இப்போது வயது எழுபத்தாறு, இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. அது குறைந்தால் வால்வு அடைக்கும், மிஞ்சினால் ரத்தம் நிற்காது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மகள் சாண்ட்ரா கெங்கம்மாவை வைத்திருந்தாள்.

மாதா கோயில் பங்கில் பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபிப்பது அன்பியக் கூட்டம். அன்று ஸ்டானிஸ்லாஸ் வீட்டின் முறை. ஜெபமாலை முடிந்து டீ கொடுக்கையில், கோயிலில் பாட்டுப் பாடும் சாவியோ ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான். பழுப்பு மருந்து நாலு சொட்டு விட்டான்; தண்ணீர் துரு நிறமானது. ஒரு கேப்சூலைப் பிரித்துப் பொடியைத் தூவினான். தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. நாம் இழுக்கிற ஆக்சிஜனே உடம்பை உள்ளுக்குள் துருவேற்றுகிறது, அதுதான் முதுமை, இந்த மாத்திரை துருவை எடுத்துவிடும் என்றான். துரு என்றதுமே ஸ்டானிஸ்லாஸ் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கெங்கம்மா டம்ளரை முகர்ந்தாள். படுக்கைப்புண்ணுக்கு அவள் தடவும் மருந்து. அதைச் சொன்னாள்.

"ஆயாம்மா, உனுக்கு இதெல்லாம் புரியாது" என்று சிரித்தான் சாவியோ. ஐந்து நிமிடம் முன்பு அதே வாய்தான் மாதா பாட்டு பாடியது.

டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்கக்கூடாது என்று பெரியவரிடம் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

பன்னிரண்டாம் நாள் அவர் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவந்திருந்தது. சட்டையைக் கழற்றினால், கையெல்லாம் நாவல்பழம் நசுங்கினாற்போல் கன்றிக்கிடந்தது. தலையணையைத் தூக்கினாள். சாவியோவிடம் வாங்கிய அறுபது மாத்திரை டப்பாவில் மிச்சம் பன்னிரண்டு.

"ஒரு நாளிக்கு எத்தினி போட்ட, அண்ணாத்தே?"

"ரெண்டுன்னு எழுதிருந்துச்சி. நான் நாலு போட்டேன். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு அடிச்சா நிக்குமா? ரெண்டு கோட்டு அடிச்சாத்தான் புடிக்கும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் டப்பாவைப் படித்தார். எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ, அதுவும் பெரிய அளவில். இவர் சாப்பிடும் மாத்திரையோடு வைட்டமின் ஈ சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும் என்றார். ஆக்சிஜனால் உடம்புக்குச் சேதம் வருவது உண்மைதான், பெரும்பாலும் உடம்பே அதைச் சரிசெய்துகொள்கிறது, மாத்திரை விழுங்கி முதுமையை நிறுத்தியதற்கு நிரூபணம் இல்லை என்றார். நாலு நாள் அங்கேயே படுக்கை.

வீடு திரும்பியதும் பெரியவர் மிச்சப் பன்னிரண்டையும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தால் அடுத்து மூளையில் கசியலாம் என்று டாக்டர் சொன்னதை கெங்கம்மா திருப்பிச் சொன்னாள்.

"கண்ணால பாத்தேனே கெங்கம்மா. தெளிஞ்சிதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாவியோ நலம் விசாரிக்க வந்தான், கையில் புது டப்பாவோடு. கெட்டதெல்லாம் வெளியேறும்போது அப்படித்தான் கொஞ்சம் ரத்தம் வரும் என்றான். கெங்கம்மா டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். புண் மருந்து நாலு சொட்டு விட்டாள். அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தாள். தண்ணீர் தெளிந்தது.

சாவியோவின் குரல் இறங்கியது. "எலுமிச்சம்பழத்துலயும் அந்த சத்து கீது."

"இருக்கட்டும். துருதான் பூட்ச்சே, குடி" என்று டம்ளரை நீட்டினாள்.

"இன்னா ஆயாம்மா, புண்ணு மருந்தப் போயி யார்னா குடிப்பாங்களா?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது அவனுக்கு. ஸ்டானிஸ்லாஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணைக்கடியில் கைவிட்டு டப்பாவை எடுத்து, கட்டிலருகே இன்னும் கழுவாமலிருந்த பெட்பேனில் கவிழ்த்தார்.

கெங்கம்மா அதைத் தூக்கிக்கொண்டு போனாள். இத்தனை வருடத்தில் முதன்முறையாக, மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டினாள்.