கண்ணை மூடி நீட்டிய கால்

போன வாரம் சேலத்தில் ஒரு செருப்புக் கடையில் என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. புது ஷூவை மாட்டிக்கொண்டு, லேஸைக்கூடச் சரியாகக் கட்டாமல், ஒரு ஆள் விறுவிறுவென்று வெளியே போய் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? கடைக்காரர் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்டாண்டு போட்டபடியே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காலையும் முன்னால் நீட்டினேன்.

"சார்... உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றார் கடைக்காரர். ஓடி வந்த கோபம் போய், குரலில் பயம் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லை. ஷூ அளவு சரியா இருக்கான்னு பார்க்கிறேன்" என்றேன்.

அவர் திரும்பி என் மனைவி சரோஜாவைப் பார்த்தார். பாவம், இந்த அம்மா எப்படிக் காலம் தள்ளுகிறாளோ என்ற பார்வை! சரோஜா சிரிக்கவில்லை. "அவர் சரியாத்தான் பண்றார்... கொஞ்சம் பொறுங்க" என்றாள். கடைக்காரருக்குக் குழப்பம் இரண்டு மடங்கு ஆனது.

உங்களுக்கும்தானே? சொல்கிறேன்.

இந்தப் பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். கோழி மருந்து விற்கிறவன். சூரமங்கலத்தில் வீடு. சரோஜாவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. அவள் நடந்து ஆபீஸ் போய்விடுவாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, நாமக்கல், மல்லசமுத்திரம் என்று பண்ணை பண்ணையாகச் சுற்றுவேன். இதற்கு எங்கள் தொழிலில் 'லைன்' என்று பெயர். பதின்மூன்று வருஷமாக லைனில் இருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் கால் ஒரே மாதிரி மடங்கியே இருந்தால் முட்டி சும்மா இருக்குமா? போன வருஷம் வலது முட்டி பேச ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறும்போது மட்டும். அப்புறம் இறங்கும்போதும். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாலும்...

டாக்டர் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "வண்டியை விட்டுடுங்க" என்றார். ரொம்ப சுலபமாகச் சொல்லிவிட்டார்.

இது எப்படியோ மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. அவர் நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். என்னை எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, "ஒரு மாசம் பாருங்க. சரியாகலைன்னா லைனை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு உங்களை குடோனுக்கு மாத்திடறேன். நிழல்ல உட்கார்ந்த வேலை" என்றார். வரம் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

குடோனில் என்ன இருக்கிறது? அட்டைப் பெட்டி. பண்ணைக்காரர்களின் பேச்சு, டீக்கடைச் சண்டை, வழியில் லிஃப்ட் கேட்கிறவர்களின் சொந்தக் கதை... இதெல்லாம்தானே இந்தப் பக்கத்தில் வாராவாரம் உங்களுக்கு வருகிறது? குடோனில் உட்கார்ந்து எதைப் பற்றி எழுதுவேன்? அட்டைப் பெட்டியைப் பற்றியா?

அந்த நேரத்தில்தான் ராசிபுரம் பிரிவு ரோட்டு டீக்கடையில் அந்த வெள்ளைக்காரரைப் பார்த்தேன். பெரிய மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் பெட்டி. கன்னியாகுமரி போகிறாராம். கடைக்கு வந்து நின்றபோது அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே... வீட்டு ஈஸி சேரில் சாய்ந்த மாதிரி, இரண்டு காலும் முன்னால் நீட்டியபடி! வண்டியின் லெக் கார்டில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, சாண் நீளத்துக்குக் குட்டையாக இரண்டு மிதிக்கட்டைகள்.

"ஹைவே பெக்" என்றார். நேர் ரோட்டில் காலை அங்கே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியது, ஊருக்குள் வந்தால் பழைய இடத்துக்கு இறக்கிக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதான் விஷயம்.

என்னை ஒரு தடவை உட்காரச் சொன்னார். உட்கார்ந்து காலை நீட்டினேன். முட்டி பேச்சை நிறுத்தியது! கோழி மருந்து நோட்டீஸின் பின்பக்கத்தில் அதை அப்படியே படம் வரைந்துகொண்டேன். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

அதைச் செய்து கொடுக்க நாமக்கல்லை விட்டால் வேறு ஊர் ஏது? லாரிக்கே உடம்பு கட்டித் தருகிற ஊர் ஆயிற்றே. எனக்குத் தெரிந்த பண்ணைக்காரர் ஒருவர் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே தலைமை ஃபிட்டர் முத்துசாமி. என் வயதுதான். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ்.

வாசலிலேயே சத்தம் போட்டார். "சார், செருப்ப அங்கயே உட்டுப்போட்டு வாங்க!"

உள்ளே துளை போடும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூ. இரும்பைச் சாமியாகக் கும்பிடுகிற பட்டறை. முதலாளியே வெறுங்காலோடுதான் நடமாடினார். நானும் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனேன்.

முத்துசாமி என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது அந்த வெள்ளைக்காரரு காலுக்கு வெச்ச அளவுங்க. உங்க காலு என்ன சொல்லுதுன்னு பாக்க வேண்டாமுங்களா?"

"என் கால் எப்படிங்க சொல்லும்?"

அவர் பக்கத்தில் நின்ற லாரியைக் காட்டினார். லாரி என்று சொல்லக் கூடாது. சக்கரம், இன்ஜின், ஸ்டியரிங், அவ்வளவுதான் இருந்தது. கம்பெனியிலிருந்து அப்படியேதான் வருமாம். கேபின், சீட் எல்லாம் இங்கே கட்ட வேண்டும். அதற்கு அந்த லாரியை ஓட்டப்போகும் டிரைவரையே வரவழைத்து ஒரு பலகை மேல் உட்கார வைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார். விழுந்த இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு. மறுபடி நீட்டினார், இன்னொரு கோடு. மூன்றாவது தடவை விழுந்த இடத்தை வைத்துத்தான் சீட்டுக்கு அளவு எடுத்தார் முத்துசாமி.

"ஏன் மூணாவது?" என்று கேட்டேன். எனக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது.

"மொதத் தடவ ஆளு கெத்துக்கு நீட்டுவாருங்க. ரெண்டாந் தடவ நம்மளுக்காக நீட்டுவாரு. மூணாந் தடவைதானுங்க காலு நெசத்தச் சொல்லும்."

அடேயப்பா! தையல்காரர் எத்தனை பேரிடம் அளவு கொடுத்திருக்கிறேன், ஒருவராவது இப்படி யோசித்திருப்பாரா?

என்னையும் என் வண்டியில் ஏற்றி, கண்ணை மூடச் சொன்னார். முதல் தடவை நான் நீட்டியது அந்த வெள்ளைக்காரர் மாதிரி. எனக்கே தெரிந்தது! மூன்றாவது கோடு ஒரு சாண் கீழே விழுந்தது. அந்த இடத்தில் லெக் கார்டைச் சுற்றி கிளாம்ப் போட்டு, இரும்பு ராடு வைத்து, அதன் மேல் பழைய ரேடியேட்டர் ஹோஸை வெட்டிச் செருகிவிட்டார். வழுக்காது. லாரிக் கதவின் கீல் ஒன்றையும் சேர்த்திருந்தார். கீழே இடித்தால் மிதி மடங்கிக்கொள்ளும், வண்டியைத் தூக்கி அடிக்காது.

அதோடும் விடவில்லை. என் வண்டி பழைய மாடல், வலது காலுக்கு கியர், இடது காலுக்கு பிரேக். கண்ணை மூடியபடியே, முன்மிதியிலிருந்து இடது காலை எடுத்து பிரேக் மேல் போடச் சொன்னார். பத்துத் தடவை. பத்தும் சரியாக விழுந்தது.

"போயிட்டு வாங்க சாமி. இனி முட்டி உங்ககிட்டப் பேசாதுங்க."

பேசவில்லை! மூன்று நாள் ராஜா மாதிரி போனேன். நான்காவது நாள், மல்லசமுத்திரம் ரோடு. தார் ரோட்டில் பாதிக்குச் சோளக்கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறிப் போனால் கதிர் அடித்த மாதிரி ஆயிற்றே. மீதிப் பாதியில் கிழங்கு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று திடீரென்று வயலிலிருந்து ஏறியது.

இடது காலை இழுத்தேன். வந்தது... பாதி வழியில் எதிலோ இடித்து நின்றது. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் கால் இல்லை! கையால் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி சோளக்கதிரின் மேல் சறுக்கியது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், மருந்து பாட்டில்கள் எல்லாப் பக்கமும்.

சோளக்கதிர் மேல் விழுந்ததால் பிழைத்தேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். கதிர் தள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து தூக்கிவிட்டாள். முன்மிதியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, காலைக் கொண்டுபோயி அத்தன தூரம் வெச்சுக்கிட்டா ஆத்திர அவசரத்துக்கு வருமுங்களா?" என்று கேட்டாள்.

விழுந்ததுகூடப் பெரிதில்லை. சரோஜாவிடம் எப்படிச் சொல்வது?

அவள் கத்தவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டபடியே சொன்னாள். "முட்டி போனா குடோன். உயிர் போனா? நாளைக்கு எனக்கு லீவு. நானும் வரேன். அதைக் கழட்டிப் போட்டுட்டு வருவோம்."

மறுநாள் இருவரும் பட்டறைக்குப் போனோம். முத்துசாமியிடம் நான் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். அவர் முகம் கறுத்துப் போனது. "ஒருக்கா ஏறிக் காட்டுங்க சார்" என்றார். ஏறினேன். கண்ணை மூடினேன். காலை எடுத்தேன். பிரேக் மேல் விழுந்தது. மறுபடி... விழுந்தது. பத்துக்குப் பத்து!

முத்துசாமி தலையைச் சொறிந்தார். நான் முழித்தேன். பட்டறையில் வருகிற கால் ரோட்டில் ஏன் வரவில்லை? குனிந்து பார்த்தார், கிளாம்பை ஆட்டிப் பார்த்தார், பிரேக்கைக் கையால் அமுக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"கழட்டிடுங்க" என்றேன். குடோனும் அட்டைப் பெட்டிகளும் கண் முன்னால் வந்து நின்றன.

அதுவரை வெளியே நின்றிருந்த சரோஜா அப்போதுதான் உள்ளே வருவதற்காக வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியவள் அப்படியே நின்றாள். பக்கத்தில் கிடந்த என் ஷூவைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"ஏங்க... நீங்க ரோட்டுல இதைப் போட்டுக்கிட்டுத்தானே ஓட்டறீங்க?"

முத்துசாமி வாசலுக்கு வந்து குனிந்து ஷூவின் அடியைப் பார்த்தார்.

ஷூவின் குதிகால் ஒன்றரை இஞ்ச் உயரம். முன்னாலிருந்து பின்னால் வரும் கால், வெறுங்காலாக இருந்தால் பிரேக்கின் நுனியைத் தாண்டி வந்துவிடும். ஷூவோடு வந்தால் குதிகால் அந்த நுனியில் இடித்து முன்னாலேயே நின்றுவிடும். இதுதான் நடந்திருக்கிறது.

"அடக் கடவுளே" என்று தலையில் கை வைத்தார் முத்துசாமி. "லாரி டிரைவருங்க யாருமே செருப்புப் போட்டு ஓட்ட மாட்டாங்களுங்க. கழட்டி சீட்டுக்கடியில வெச்சுப்போட்டு வெறுங்காலோடதானுங்க மிதிப்பாங்க. அதனால எங்களுக்கு இத்தன வருசமும் தப்பவே இல்லீங்க. தப்பு எம்மேலதானுங்க சாமி."

அவர் மேல் மட்டுமா? பன்னிரண்டு வருஷமாக ஷூ போட்டு ஓட்டுகிறவன், அளவு கொடுக்கும்போது அதை வாசலில் விட்டுவிட்டு வந்தேனே... எனக்குத் தோன்றியதா?

இப்போது இன்னொரு சிக்கல். ஷூவோடு அளவு எடுக்க வேண்டும். பட்டறைக்குள் ஷூ வரக்கூடாது. முத்துசாமி ஒரு நிமிஷம்தான் யோசித்தார். நான்கு பேரைக் கூப்பிட்டு, வண்டியை வெளியே வேப்பமரத்தடிக்குத் தள்ளச் சொன்னார். பெட்டியோடு சாமான்களும் வெளியே வந்தன.

ஷூவை மாட்டிக்கொண்டு ஏறினேன். அவர் தரையில் உட்கார்ந்து, என் ஷூவை அடியில் பிடித்து, அது வரும் வழியைக் கையாலேயே நடத்திப் பார்த்தார். செருப்பை வாசல் தாண்ட விடாத மனுஷர்! எனக்குக் கூச்சமாக இருந்தது. காலை இழுத்துக்கொண்டேன். "வேலைங்க சாமி, குடுங்க" என்றார்.

மிதியை ஒன்றரை இஞ்ச் மேலே ஏற்றினார். கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினார். பிரேக்கை ஒரு நூல் இறக்கினார். கண்ணை மூடினேன்... விழுந்தது. பத்துக்குப் பத்து. இந்தத் தடவை ஷூவோடு.

திரும்பும்போது சரோஜா பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஊரைத் தாண்டியதும் காலை நீட்டினேன். இரண்டு மைல்கூடப் போகவில்லை.

"ஆடு!" என்று அலறினாள்.

கால் தானாகப் பறந்து வந்து பிரேக் மேல் விழுந்தது. வண்டி நின்றது. ஆட்டைக் காணோம்.

"எங்கே ஆடு?"

"ஆடெல்லாம் இல்லை. போங்க" என்றாள்.

ராசிபுரம் வருவதற்குள் ஏழு ஆடு! ஏழாவது தடவை நின்றபின் என் தோளில் தட்டி, "சரி, இருக்கட்டும்" என்றாள். எந்த மேனேஜர் கொடுத்த சர்டிபிகேட்டும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

மாசம் முடிந்ததும் ஆபீஸ் போனேன். மேனேஜர் ரூம் மாடியில். அவர் மேலே நின்று என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். "லைனுக்கே போங்க" என்று சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் நம்மை அளவு எடுக்கிறவர்கள் எல்லோருமே இப்படித்தான், இல்லையா? டாக்டர் படுக்க வைத்து அளவு எடுத்தார். மேனேஜர் நாற்காலியில் உட்கார வைத்து அளவு எடுத்தார். பெண் பார்க்கப் போன அன்று நான் வாயே திறக்கவில்லை. சாதுவான பையன் என்று அளவு எடுத்துவிட்டார்கள். சரோஜா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் லைன். பழைய ஷூ அடி தேய்ந்து ஓட்டை விழுந்தது. அதனால்தான் போன வாரம் அந்தச் செருப்புக் கடை.

கடை வாசலில் கண்ணை மூடிக் காலை நீட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? கடைக்காரர் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். திடீரென்று பின்னாலிருந்து "ஆடு!" என்று ஒரு அலறல்.

கடைக்காரர் துள்ளிக் குதித்தார். என் கால் பிரேக் மேல் நச்சென்று விழுந்தது.

"இதுக்கே பில் போடுங்க" என்றாள் சரோஜா.